குமரிக்கண்டக் கோப்பையில் ஒரு துளி ரத்தம்!

உலகத்துக்குக் கோல்ஃப் ஆட்டத்தைக் கொடுத்தவன் தமிழன்!

குமரிக்கண்டம் கடலுக்குள் போவதற்கு முன்பே அவன் குழி தோண்டி, கோலெடுத்து, பந்தைத் தள்ளிவிட்டான். ஸ்காட்லாந்துக்காரன் பிற்பாடு வந்து பெயரைத் தட்டிக்கொண்டு போனான்...

விழா மலரின் முதல் பக்கம் இப்படித்தான் தொடங்கியது. எழுதியவர் போட்டியின் தலைவர் சுந்தரராஜன்.

ஆதாரம்?

கடலுக்குள் இருக்கிறதாம்.

லண்டனில், ஹரோவுக்குப் பக்கத்தில், கவுன்சிலுக்குச் சொந்தமான ஒரு மைதானம். அங்கேதான் வரலாற்றுச் சிறப்புமிக்க சர்வதேசக் குமரிக்கண்டக் கோப்பை நடந்துகொண்டிருந்தது. வரலாறு தொடங்கி இது நான்காவது வருடம்.

சர்வதேசம் எப்படி என்றால்... ஒரு பக்கம் இந்தியத் தமிழர் அணி. மறுபக்கம் இலங்கைத் தமிழர் அணி. இரண்டு தேசங்களும் மெட்ரோபாலிட்டன் லைன் ரயிலில் ஒரே பெட்டியில் வந்து இறங்கின. எல்லார் வீட்டு அலமாரியிலும் ஒரே பிரிட்டிஷ் பாஸ்போர்ட்.

ஒருத்தியைத் தவிர.

சர்வதேசம் என்ற சொல்லுக்கு அந்த மைதானத்தில் நியாயம் சேர்த்தவள் அவள் ஒருத்திதான். அவளைத்தான் போலீஸ் சந்தேகிக்கப் போகிறது!

"வீ...ல்!"

அலறியது பிறின்சி. முதலுதவிக்கென்று வந்திருந்த நர்ஸ். காலையிலிருந்து அவள் பிரித்தது ஒரு பிஸ்கட் பாக்கெட்டை மட்டும்தான்.

ஏழாவது குழிக்குப் பக்கத்தில், ஓக் மரங்களுக்கு நடுவே, ஒருவர் குப்புறக் கிடந்தார். ரோஜா நிறக் கால்சட்டை. கட்டம்போட்ட தொப்பி தனியே உருண்டிருந்தது. நெற்றியிலிருந்து ரத்தம்... காதோரத்தில் ஒரு வெள்ளைப் பந்து!

இந்திய அணியின் கேப்டன் டாக்டர் சேஷாத்ரி!

"ஐயோ... ஆள் முடிஞ்சுது!"

சுந்தரராஜன் மூச்சிரைக்க ஓடி வந்தார். பார்த்தார். நெஞ்சில் கை வைத்தார்.

"கடவுளே... சாயந்திரம் முன்னாள் துணை மேயர் வர்றாரே!"

பிணம் முனகியது.

"நான் சாகலை... யாரும் ஃபோட்டோ எடுக்காதீங்கோ..."

* * *

காரை ஓட்டியவள் டிடெக்டிவ் சார்ஜன்ட் துசியந்தி. கோலியர்ஸ் வுட்டில் பிறந்து வளர்ந்தவள். பக்கத்தில் கான்ஸ்டபிள் ராம்கி. சென்னையிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்து, ஐ.டி. அலுத்துப்போய்ப் போலீஸில் சேர்ந்தவன். ஊர் முன்னால் அவளை 'சார்ஜ்' என்பான். காருக்குள் 'அக்கா'.

"ராம்கி, கோல்ஃபைப் பற்றி உமக்கு என்ன தெரியும்?"

"பணக்காரங்களுக்கு நடக்க ஒரு சாக்கு வேணும்க்கா. அதுக்கு ஒரு பந்து."

"அப்ப எங்கட ஆக்கள் ஏன் விளையாடுகினம்?"

"ஃபேஸ்புக்குக்கு."

கிளப் வாசலிலேயே சுந்தரராஜன் வழிமறித்தார். மார்பில் பூசணிக்காய் அளவு பேட்ஜ்.

"மேடம், கொஞ்சம் மெதுவா விசாரிங்க. இது வரலாற்றுச் சிறப்புமிக்க..."

"சேர், காயப்பட்டவர் எங்க?"

"உள்ள இருக்கார். ஆம்புலன்ஸ் வேண்டாம்னுட்டார். பரிசளிப்பு நேரத்துல வாசல்ல ஆம்புலன்ஸ் நின்னா நல்லா இருக்காது பாருங்க."

"அவர் செத்திருந்தா?" என்றான் ராம்கி.

சுந்தரராஜன் யோசித்தார். "பின் வாசல் ஒண்ணு இருக்கு."

சோபாவில் சாய்ந்திருந்தார் சேஷாத்ரி. தலையைச் சுற்றி வெள்ளைக் கட்டு. பக்கத்தில் பிறின்சி, கையில் தண்ணீர்.

"டொக்டர், ஹொஸ்பிற்றலுக்குப் போகேல்லையா?"

"எதுக்கு? நானே டாக்டர்."

"தோல் டாக்டர்" என்றான் ராம்கி.

"நெத்தி தோல் இல்லாம பின்ன என்னவாம்?"

துசியந்தி நாற்காலியை இழுத்துப் போட்டாள். "சொல்லுங்கோ. ஆர் அடிச்சது?"

"யோகமலர்! வேற யாரு? இன்னிக்கு ஆட்டத்துல என்னோட மோதற ஆள் அவதான். காலம்பற டிபன் சாப்பிடறச்சே, அத்தனை பேர் முன்னாடி சொன்னா, உங்கட மண்டையை உடைப்பன்னு. சொன்னபடி உடைச்சுட்டா!"

"நீங்க கண்டனீங்களா?"

"முதுகைக் காட்டிண்டு நின்னேன்."

"முதுகைக் காட்டிண்டு நின்னா நெத்தியில எப்படி சார் படும்?" என்றான் ராம்கி.

சேஷாத்ரி தண்ணீரை வாங்கி ஒரு வாய் குடித்தார். "திரும்பினேன்... அப்போ பட்டுது! பந்து அங்கேயே கிடந்துதே, பாக்கலையா? பிள்ளையார் சுழி போட்டிருக்கு. அவா டீம் மொத்தமும் அதைத்தான் போடறா!"

ராம்கி பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த பந்தைத் திருப்பினான்.

நீல மையில், அழகாக... உ.

கோல்ஃபில் எல்லாப் பந்தும் வெள்ளை. எது யாருடையது என்று தெரிய ஆளுக்கொரு அடையாளம் போட்டுக்கொள்ள வேண்டும். வெள்ளைக்காரன் புள்ளி வைப்பான், கோடு போடுவான். குமரிக்கண்டத்து வாரிசுகள் வேறு என்ன போடுவார்கள்?

* * *

யோகமலர் லாக்கர் அறையில் தனியே உட்கார்ந்திருந்தாள். வால்தம்ஸ்டோவில் இரண்டு பலசரக்குக் கடைகளை நடத்துபவள். டென்மார்க்கிலிருந்து வந்து இருபது வருடம். இரண்டு அணியிலும் சேர்த்து, அடித்த பந்து நினைத்த இடத்துக்குப் போவது அவளுக்கு மட்டும்தான். அதற்காகவே இரண்டு அணியிலும் அவளை யாருக்கும் பிடிக்காது.

"அன்ரி, மண்டையை உடைப்பன் எண்டு சொன்னனீங்களா?"

"ஓம். சொன்னனான்."

"ஏன்?"

"டொக்டர் கேட்டவர், தராசு பிடிக்கிற கைக்குக் கோல்ஃப் மட்டை எதுக்காம். பருப்பு நிறுக்கிற நினைப்பில பந்தை நிறுத்துப் பார்ப்பனாம். எல்லாரும் சிரிச்சவை. என்ர மனுசனும் சேர்ந்து சிரிச்சவர்."

"உடைச்சனீங்களா?"

"இல்லை."

"அந்த நேரம் எங்க நிண்டனீங்கள்?"

"மரங்களுக்கு அங்கால. தனிய."

"ஆராவது கண்டவையா?"

"மேல இருக்கிறவர் கண்டவர்."

"அவரைச் சாட்சிக்குக் கூப்பிட ஏலாது, அன்ரி."

யோகமலர் நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

"பிள்ளை, வியாழக்கிழமை எனக்கு பிரிட்டிஷ் சிற்றிசன்ஷிப் செரமனி, குடியுரிமை எடுக்கிற நாள். ரவுன் ஹோலில. மூண்டாந்தரம் விண்ணப்பம் போட்டு இப்பதான் கிடைச்சது. கேஸ் ஒண்டு பதிஞ்சால் நிப்பாட்டிப் போடுவாங்கள், என்ன?"

துசியந்தி பொய் சொல்லவில்லை. "ஓம். நிப்பாட்டுவினம்."

கதவு படாரென்று திறந்தது. உள்ளே வந்தவர் தேவராசா. யோகமலரின் கணவர். இலங்கை அணியின் கேப்டன். கோயில் பொருளாளர். மூன்று பதவிகளையும் ஒரே முகத்தில் சுமந்துகொண்டு வந்தார்.

"என்ர மனுசியை விசாரிக்கிறதெண்டால் என்னை விசாரியுங்கோ!"

"சரி அண்ணை. இந்தப் பந்து உங்கட டீமின்ரயா?"

தேவராசா உறையை வாங்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பின்ன? ஒவ்வொரு பந்திலயும் நான் என்ர கையால பிள்ளையார் சுழி போட்டனான்! கோயிலில வைச்சுப் பூசை செய்து குடுத்தனான்!"

"அன்ரியின்ர பந்திலயும்?"

"அவளுக்குத்தான் முதல் பெட்டி!"

யோகமலர் கண்ணை மூடிக்கொண்டாள்.

ராம்கி துசியந்தியின் காதோரம் குனிந்தான். "சார்ஜ், இவர் எந்த டீமுக்கு கேப்டன்?"

* * *

ராம்கி மற்ற பைகளை எல்லாம் குடைந்துவிட்டுத் திரும்பினான்.

"ஒரு பிரச்சனை. இலங்கை டீம் பூரா உ. சரி... ஆனா இந்தியா டீம்லயும் உ! ரெண்டு தேசமும் பிள்ளையாரைத்தான் முதல்ல கும்பிட்டிருக்கு. சேஷாத்ரி ஒருத்தர்தான் ஸ்ரீ போடறாராம். அவர் பெருமாள் கட்சி. பந்தை வெச்சுப் பார்த்தா கேஸைப் பிள்ளையார் மேலதான் போடணும்."

"மற்ற ஆக்கள் எல்லாம்?"

"வேற குழிகள்ல ஜோடி ஜோடியா இருந்திருக்காங்க. ஒருத்தருக்கொருத்தர் சாட்சி. தவிர, தொலைவுல நிக்கற ஒரு ஆளைக் குறி வெச்சு அடிக்கிற அளவுக்கு இந்த மைதானத்துல ஆடத் தெரிஞ்சது..."

"யோகமலருக்கு மட்டும்தான்."

"திறமை இருந்தா இங்க ஜெயில்தான் போல."

துசியந்தி பெருமூச்சு விட்டாள். லாக்கர் அறைக்குத் திரும்பினாள்.

"அன்ரி, உங்கட பையைத் திறவுங்கோ."

"ஏலாது."

"என்ன?"

"திறக்க ஏலாது, பிள்ளை."

தேவராசா குரலை உயர்த்தினார். "திற மலர்! எங்களிட்ட என்ன ஒளிப்பு? பிள்ளையார் சுழி போட்ட பந்துதானே கிடக்கு!"

அவள் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"அன்ரி..." துசியந்தியின் குரல் தணிந்தது. "திறக்காட்டி நான் இப்ப உங்களை அரெஸ்ட் பண்ண வேணும். வியாழக்கிழமையை மறந்துபோட வேண்டியதுதான்."

வெளியே யாரோ மைக்கில் 'ஹலோ... ஹலோ... குமரிக்கண்டம் டெஸ்டிங்' என்றார்கள்.

யோகமலர் கணவனைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள்.

சர்ரென்று ஜிப்பை இழுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தாள்!

பந்துகள் தரையெங்கும் உருண்டன. ராம்கி ஒன்றைப் பொறுக்கினான். இன்னொன்றை... இன்னும் ஒன்றை...

எல்லாவற்றிலும் சிலுவை!

தேவராசாவின் வாய் திறந்தது. மூடவில்லை.

"மலர்... இது ஆற்ற பந்து?"

"என்ர."

"எப்ப தொடக்கம்?"

"போன வருசம். கடைக்குப் பக்கத்து மண்டபத்தில ஒரு சபையின்ர ஆராதனை நடக்கும். ஒருநாள் மழைக்கு ஒதுங்கினனான்... பிறகு மழை இல்லாட்டியும் போனனான். ஞானஸ்நானமும் எடுத்திட்டன்."

"ஞாயிற்றுக்கிழமையில கணக்குப் பார்க்கப் போறன் எண்டது?"

"அதுதான்."

"நான் போட்ட சுழி?"

"நெயில் பொலிஷ் ரிமூவரால அழிச்சிட்டன். ஒண்டும் விடாமல்."

தேவராசா சுவரைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் சேஷாத்ரிக்குக்கூட அன்று அவ்வளவு பலமாக அடி விழுந்திருக்காது.

"ஒண்ணே ஒண்ணை அழிக்காம வெச்சிருந்து அதால அடிச்சிருக்கலாமே?" என்றான் ராம்கி.

"தம்பி, ஏழாவது குழிக்கு நான் அடிச்ச பந்து கொடிக்குப் பக்கத்தில கிடக்கு. போய்ப் பாரும்."

ராம்கி ஓடினான். பந்தோடு திரும்பி வந்தான்.

கொடியிலிருந்து ஒரு முழத் தூரத்தில் கிடந்ததாம். சிலுவை போட்ட பந்து.

"சார்ஜ், இவங்க அடிச்சது அங்க போயிருக்கு. அப்ப கேப்டன் மண்டையில பட்டது?"

துசியந்தி எழுந்தாள். நடையில் வேகம்.

* * *

"நாடகம் முடிஞ்சுது, டொக்டர்!"

சேஷாத்ரி சோபாவில் நெளிந்தார். "என்ன நாடகம்?"

"சுந்தரராஜன் சேர், ஆட்டத்தின்ர நடுவில ஒரு ஆள் காயப்பட்டால் என்ன விதி?"

"மோதற ரெண்டு பேருக்கும் ஆளுக்கு அரைப் புள்ளி மேடம். பெரிய நாடுகள் ஆடற கோப்பையில இருக்கிற விதி. அப்படியே எடுத்துக்கிட்டோம்."

"காப்பியடிச்சோம்" என்று திருத்தினான் ராம்கி.

"அரைப் புள்ளி கிடைச்சால் உங்கட டீமுக்கு என்ன?"

சுந்தரராஜன் தொண்டையைச் செருமினார். "மொத்தம் சமமாகும். சமமானா, போன வருஷம் ஜெயிச்சவங்ககிட்டயே கோப்பை இருக்கும். அதாவது... நாங்க, இந்தியா டீம்."

"கேட்டனீங்களா, டொக்டர்? தோத்துக்கொண்டிருந்தனீங்கள். யோகமலருக்கு எல்லாரையும் போலப் பிள்ளையார் சுழிதான் இருக்கும் எண்டு நினைச்சு, ஒரு உ பந்தைப் பக்கத்தில போட்டிட்டுப் படுத்தனீங்கள். பெயரைப் பார்த்துச் சமயத்தை முடிவு செய்தனீங்கள். அவ போன வருசமே சபையில சேர்ந்திட்டா!"

சேஷாத்ரியின் முகம் வெளுத்தது. ஆனால் அடுத்த கணமே நிமிர்ந்தார்.

"நடிச்சேன்கறேளா? அப்போ இந்தக் காயம்? நானே என் நெத்தியில முட்டிண்டேனா? பிறின்சியைக் கேளுங்கோ!"

பிறின்சி தயங்கினாள். "காயம் உண்மைதான், சார்ஜன்ற். பந்து பட்ட வீக்கம். இவ்வளவு வேகமாய்க் கையால குத்த ஏலாது."

"பாத்தேளா!" சேஷாத்ரி ஜெயித்துவிட்டார். "யாரோ அடிச்சிருக்கா! அவ இல்லேன்னா அவா டீம்ல இன்னொருத்தன். போய்ப் பிடியுங்கோ!"

ராம்கி முணுமுணுத்தான். "போச்சு. உங்க தியரியும் தண்ணியில விழுந்தாச்சு சார்ஜ்."

துசியந்தி உதட்டைக் கடித்தாள். நடிப்பு இல்லை. அடி உண்மை. அப்படியென்றால்...?

"பிறின்சி, கட்டுப் போடேக்க என்ன கண்டனீங்கள்? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"வீக்கம்... கொஞ்சம் ரத்தம். நடுவில நீலமாய்க் கண்டிப்போய் இருந்தது. கழுவ விடேல்லை. கெதியாய்க் கட்டுங்கோ, ஆக்கள் பார்க்கினம் எண்டு அவசரப்படுத்தினவர்."

"நீலம்?"

"ஓம்."

"அடிபட்ட உடனேயே நீலமா?"

பிறின்சியின் கண்கள் விரிந்தன. "இல்லை... உடனே சிவப்பாய்த்தானே இருக்கும்! நீலமாக நேரம் எடுக்கும்..."

"நீங்க சொல்லுங்கோ, டொக்டர். தோல் உங்கட பாடம்தானே?"

சேஷாத்ரியின் இரண்டு கைகளும் கட்டுக்குப் போயின. "இதைத் தொடப்படாது! இன்ஃபெக்ஷன் வந்துடும்!"

"பிறின்சி, கழற்றுங்கோ."

கட்டு ஒவ்வொரு சுற்றாகக் கழன்றது. நெற்றியில் எலுமிச்சம்பழ அளவில் வீக்கம். அதன் நடுவே நீலமாய் ஏதோ கிறுக்கல்... எழுத்து மாதிரி... ஆனால் எழுத்து இல்லை.

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். யாருக்கும் விளங்கவில்லை.

துசியந்தி தன் ஃபோனை எடுத்தாள். செல்ஃபி எடுப்பதற்கான கேமராவைத் திறந்து, கண்ணாடி மாதிரி அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"வாசியுங்கோ, டொக்டர்."

திரையில் இடம் வலமாய்த் திரும்பி, மங்கலாக, ஆனால் வாசிக்கும்படி தெரிந்தது...

ஸ்ரீ!

"அட!" என்றார் சுந்தரராஜன். தலைவர் என்பதையே மறந்துவிட்டார்.

ராம்கி குனிந்து, ரோஜா நிறக் கால்சட்டையின் பைக்குள் கை விட்டான். ஒரு பந்து வந்தது. ஒரு பக்கம் ஓக் மரப்பட்டையின் தூள். மறுபக்கம் பாதி அழிந்த ஸ்ரீ.

"மை காயவே இல்லை சார்ஜ். முதல் ஆறு குழியிலயும் எல்லாப் பந்தையும் தொலைச்சிருப்பார். ஏழாவதுக்குப் புதுசா ஒண்ணு எடுத்து, அப்பத்தான் எழுதியிருக்கார்."

"பிள்ளையார் சுழிப் பந்து?"

"அந்த மரத்தடியில குனிஞ்சா ஒரு கூடை பொறுக்கலாம். ரெண்டு டீமும் அங்கதான் தொலைச்சிருக்கு."

சேஷாத்ரி கட்டுத்துணியை எடுத்து நெற்றியை மறைத்தார். துசியந்தி குனிந்தாள்.

"அரைப் புள்ளிக்காகவா, டொக்டர்?"

"புள்ளியா? கோப்பை நாசமாப் போகட்டும்..." அவர் குரல் தேய்ந்தது. "கண் முழிச்சப்போ பிறின்சி கத்திண்டு ஓடி வரா. எல்லாரும் வரா. என்னாச்சுன்னு கேப்பாளே... நான் என்னன்னு சொல்றது? என் பந்தைப் பையில போட்டுண்டு, கைக்கு அகப்பட்ட இன்னொண்ணைக் காதோரம் வெச்சுண்டு குப்புறப் படுத்துட்டேன். நான் கேப்டன்!"

"அதைச் சொல்ல வெட்கப்பட்டு ஒரு மனுசியை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தனீங்கள்."

"ஜெயில்னு நினைக்கலை... ஃபைன்தான் போடுவான்னு..."

"போலீஸின்ர நேரத்தை வீணாக்கினதுக்கு ஃபைன்தான் போடுவினம். எழும்புங்கோ. ராம்கி, கூட்டிக்கொண்டு வாரும்."

"பின் வாசல் வழியா!" என்று கெஞ்சினார் சுந்தரராஜன்.

லாக்கர் அறையில் யோகமலர் பந்துகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தேவராசா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு முழங்காலை மடக்கி, பெஞ்சுக்கு அடியில் உருண்டிருந்த ஒன்றை எடுத்து நீட்டினார்.

"வியாழக்கிழமை நானும் வாறன்."

"கோயில் கமிற்றியில என்ன சொல்லுவியள்?"

"கணக்குப் பார்க்கப் போறன் எண்டு சொல்லுவன்."

வெளியே, முன்னாள் துணை மேயர் வந்து இறங்கினார். நாதஸ்வரம் ஒலிபெருக்கியில் கரகரத்தது. காரின் பின் சீட்டில், தலையைக் குனிந்து, தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டபடி இந்திய அணியின் கேப்டன்.

"அக்கா, ரிப்போர்ட்ல என்ன எழுதட்டும்?"

"நடந்ததை எழுதும்."

ராம்கி எழுதினான். டாக்டர் சேஷாத்ரி அடித்த பந்து ஓக் மரத்தில் மோதித் திரும்பி வந்து டாக்டர் சேஷாத்ரியின் நெற்றியில் பட்டது.

அன்று அவர் அடித்ததில் நேராகப் போன பந்து அது ஒன்றுதான்.